மூவருக்கும் பிடித்த வக்கீல்

அப்பா உயில் எழுதி வைத்திருந்தார் என்பது அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் தெரியவந்தது, அவர் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான். பயிற்சிக் காரின் டாஷ்போர்டுப் பெட்டியில், கண்ணாடி துடைக்கிற துணிக்கடியில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. முப்பத்தோரு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு எது கிளட்ச், எது பிரேக் என்று சொல்லிக்கொடுத்தவர். உயிலையும் ஸ்கூலின் சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில்தான் எழுதியிருந்தார்.

விஷயம் கொஞ்சம்தான். வீடு மூவருக்கும் சமம். கார், மூவரில் யார் முதலில் லைசென்ஸ் எடுக்கிறாரோ அவருக்கு. ஊருக்கே சொல்லிக்கொடுத்தவரின் பிள்ளைகளில் ஒருவருக்கும் ஓட்டத் தெரியாது. ஆளுக்கொரு நாள் அவரிடம் கற்றுக்கொள்ளப் போய், அன்றைக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை விட்டு இறங்கியவர்கள். கடைசியாக, இதையெல்லாம் நிறைவேற்ற வேண்டியவர்கள் மூவரும் சேர்ந்து. 'சேர்ந்து' என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு.

வம்பு அங்கேதான். மூவரும் ஒரே அறையில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பொறுப்பாளர். தன் பெயரைக்கூட இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். தம்பி லிப்ட் மெக்கானிக்; அவனுக்கு எல்லாமே நேற்றே முடிந்திருக்க வேண்டும். சின்னவள் அழகு நிலையம் நடத்துகிறாள். நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தவர்கள் சொல்வதையெல்லாம் நம்பிவிடுவாள். வீட்டைப் பெயர் மாற்றப் போன இடத்தில், "கோர்ட்ல புரொபேட் வாங்கிட்டு வாங்க, அதுக்கு ஒரு வக்கீலப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

முதலில் அக்கா கண்டுபிடித்த வக்கீல். வரவேற்பறையில் ஆள் உயர மீன்தொட்டி. அவர் பேச ஆரம்பித்தார்: "மேற்படி காலஞ்சென்றவரால் மேற்படி சொத்தைக் குறித்து எழுதப்பட்ட மேற்படி ஆவணமானது..."

தம்பி மீன்களைப் பார்க்கப் போய்விட்டான். அதற்குள் அவருடைய குமாஸ்தா உயிலை எடுத்து, வழக்கம்போலக் கோப்பில் கோப்பதற்காகத் துளைபோடும் கருவிக்குள் செருகிவிட்டார். அக்கா ஒரே தாவலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் வெளியே வந்தார்கள்.

அடுத்து தம்பியின் நண்பர். விபத்து, விவாகரத்து, செக் மோசடி எல்லாவற்றுக்கும் அவர்தான். கோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"எதிர்க்கட்சி யாரு?"

"எதிர்க்கட்சின்னு யாரும் இல்லீங்க" என்றாள் சின்னவள்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "யாருமே இல்லையா? சரி, உங்களுக்குள்ள?"

"எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல" என்றான் தம்பி.

"யோசிச்சுச் சொல்லுங்க. அந்தக் கார் விஷயம் இருக்கே. ரெண்டு பேர் ஒரே நாள்ல லைசென்ஸ் எடுத்தா?"

அரை மணி நேரத்தில் சின்னவள் அழுதுகொண்டிருந்தாள், தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தான், வக்கீல் மலர்ந்த முகத்தோடு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அக்காதான் இருவரையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

மூன்றாவது வக்கீலைச் சின்னவள் பிடித்தாள். தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள வந்த ஒரு அம்மா சொன்னாராம், உயில் விவகாரம் தவிர வேறு எதையும் தொடாத பெண் என்று. டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. மீன்தொட்டி இல்லை. மேஜை, நாலு நாற்காலி, சுவர் முழுக்கக் கோப்புகள். நாற்பது வயதிருக்கும் அந்த வக்கீல் அம்மாள், முதல் வேலையாக மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவைத்தார்.

"புரொபேட்னா என்னங்க? தமிழ்ல சொல்லுங்க" என்றான் தம்பி.

"இது அப்பா எழுதினதுதானான்னு அவரையே கேக்க முடியாதில்லையா? அவருக்குப் பதிலா கோர்ட்டு விசாரிச்சு, ஆமா இவர் எழுதினதுதான்னு முத்திரை போட்டுக் குடுக்கும். அவ்வளவுதான்."

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா சின்னவளைப் பார்த்தாள். மூவரும் தலையாட்டினார்கள்.

"உயிலக் குடுங்க, பாக்கலாம்."

அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு இடத்துல ஓட்டை போடப் பாத்தாங்க. முதல்ல நீங்கதான் எங்க வக்கீல்னு எழுத்துல ஆகட்டும்."

வக்கீல் சிரித்துவிட்டு வக்காலத்துப் படிவத்தை நீட்டினார். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள், ஒரே பேனாவில். அவரும் போட்டார்.

"இப்ப முக்கியமான கேள்வி. சாட்சி ரெண்டு பேர்ல ஒருத்தராவது கோர்ட்டுக்கு வந்து சொல்லணும். யாராரு?"

"ஒருத்தர் அப்பாவோட கார் மெக்கானிக். அவர் போய்ச் சேந்து ரெண்டு வருஷமாச்சு. இன்னொண்ணு யாருன்னே தெரியல. ஒரே கிறுக்கல்" என்றாள் அக்கா, உறையிலிருந்து உயிலை எடுத்தபடி. "கோழி கிளறின மாதிரி."

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பக்கத்தைத் திருப்பினார். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் கோழி நான்தான்."

அக்கா எட்டி, அந்தக் கிறுக்கலை இன்னொரு தரம் பார்த்தாள்.

"மாஸ்டரா உங்க அப்பா? எனக்கு அவர் பேரே தெரியாது. மாஸ்டர்னுதான் கூப்பிடுவோம். ஆறு வருஷத்துக்கு முன்னால அவர்கிட்டதான் ஓட்டக் கத்துக்கிட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்துது. கியர்பாக்ஸ்ல ஏதோ சத்தம்னு பாக்க மெக்கானிக் பின்சீட்ல உக்காந்திருந்தார். மாஸ்டர் எங்க முன்னாலயே இதுல கையெழுத்துப் போட்டுட்டு, நீங்க ரெண்டு பேரும் சாட்சி போடுங்கன்னு நீட்டினார். மடியில வெச்சுப் போட்டேன், இன்ஜின் வேற ஓடிட்டிருந்துது. கிறுக்கல் வராம என்ன வரும்?"

"நீங்க வக்கீல்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் சின்னவள்.

"சொன்னேனே! மாஸ்டர், ஒரு வாரம் குடுங்க, நான் ஒழுங்கா எழுதித் தர்றேன், மூணு பேரையும் சேத்துப் போடாதீங்க, ஒரு வேலையும் நகராதுன்னேன். 'நகராட்டி போவுது. அதுக்காவது மூணும் பேசிக்கும்'னார். அதுக்குள்ள கேட் தொறந்துட்டாங்க. கியரப் போடுன்னார். நான் பதட்டத்துல மூணாவது கியரப் போட்டேன். வண்டி தண்டவாளத்து மேல போய் நின்னுடுச்சு."

"ஐயையோ! திட்டினாரா?" தம்பி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

"திட்டா அது? எங்க வீட்ல கழுதைய வளத்தாக்கூட இந்நேரம் லைசென்ஸ் வாங்கியிருக்கும்னார்."

"என்னைய எருமைன்னார்" என்றான் தம்பி, ஏதோ பதக்கம் வாங்கியவனைப் போல.

"எனக்குக் கழுதைதான்" என்றாள் அக்கா. சின்னவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டேயிருந்தவள், நடுவில் மூக்கை உறிஞ்சினாள். அக்கா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் போட்டாள், பார்க்காமலே போட்டாள்.

வக்கீல் பெருமூச்சு விட்டார். "ஆனா ஒரு சிக்கல். இருக்கிற ஒரே சாட்சி நான். சாட்சி சொல்றவ, உங்களுக்காக வாதாடவும் முடியாது." வக்காலத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

மூவரும் அதிர்ந்துபோனார்கள். ஜென்மத்தில் ஒருமுறை மூவரும் ஒத்துப்போய்ப் பிடித்த வக்கீல், கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

எதிர் அறையில் இருந்த இன்னொரு வக்கீலிடம் அவரே அழைத்துப் போனார். நல்ல மனிதர், ஒரு வரி எழுதுவதற்குள் இரண்டு முறை ஜன்னலைப் பார்ப்பார். தம்பிக்கு உள்ளங்கால் அரித்தது, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

மனு போட்டு ஏழு மாதத்தில் விசாரணை வந்தது. கார் விஷயம் அதற்குள் தானாகவே தீர்ந்துவிட்டிருந்தது. அக்கா யாரிடமும் மூச்சு விடாமல் வேறொரு ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்திருந்தாள். அன்று இருவரையும் கோர்ட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனதும் அவள்தான். ஒரு சைக்கிள் அவர்களை முந்திக்கொண்டு போனது. தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

நீதிபதி சாட்சிக்கூண்டைப் பார்த்துக் கேட்டார்: "உயிலில் கையெழுத்திடும்போது அவர் தெளிவான மனநிலையில் இருந்தாரா?"

"ரொம்பத் தெளிவாக இருந்தார், ஐயா. நான் செய்த தவறுகளை வரிசைப்படி எண்ணிச் சொன்னார்."

நீதிபதி பேனாவை நிறுத்தி, ஒரு கணம் யோசித்துவிட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. புது வக்கீலின் அறையில் அக்கா அதை இரண்டு தரம் படித்தாள். இரண்டாவது தரம் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"அப்பா பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு."

வக்கீல் ஜன்னலைப் பார்த்தார். "திருத்தத்துக்கு ஒரு மனு போடணும். மூணு பேரும் மறுபடி வந்தாகணும். சிரமந்தான்..."

"செவ்வாய்க்கிழமை வெச்சுக்கலாம்" என்றாள் சின்னவள். "அன்னைக்குக் கடை லீவு. முடிச்சுட்டு நேரா எங்க வீட்டுக்கு வாங்க, சமைக்கிறேன்."

"நீ சமைக்கிறதா?" என்றான் தம்பி. "அப்ப நான் சாப்பிட்டுட்டே வர்றேன்."

"வந்துதான் பாரேன்" என்றாள் அவள். அக்கா அதற்குள் நாட்குறிப்பில் செவ்வாய்க்கிழமையைக் குறித்துவிட்டு, சரியான வாரம்தானா என்று திரும்பவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.