கரிகாலனுக்குப் பங்காளி

அன்புராசாவின் சேலைக்கடையில் ஒரு சொல்லுக்கு மட்டும் அனுமதி கிடையாது. 'இல்லை' என்ற சொல்தான் அது. யாழ்ப்பாணம் பெரியகடைத் தெருவில் தகப்பனின் துணிக்கடையில் முழம் போடப் பழகிய நாளிலேயே அவர் இதையும் பழகிவிட்டார். வந்தவர் மயில்கழுத்து நிறம் கேட்கிறார், கடையில் இருப்பதோ கிளிப்பச்சை மட்டும்தான் என்றாலும், "இருக்கு, இருங்கோ, எடுத்துப் போடுறன்" என்றுதான் வாய் திறக்கவேண்டும். பிறகு மயிலைக் கிளியாக்குவது விற்கிறவனின் கெட்டித்தனம். கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து, பிளாசாவில் சொந்தக் கடை போட்டு, தலையும் நரைத்துவிட்டது. சட்டம் மாறவில்லை.

அந்தச் சட்டம்தான் மகள் அட்சயாவின் கலியாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

அட்சயா தானே தேடிக்கொண்ட பையன் தெலுங்கன். தேஜா என்று பெயர். இருவருக்கும் ஒரே வங்கியில் வேலை. செய்தி கேட்ட அன்று தாய் புனிதவதி அடுப்பைப் பற்றவைக்காமல் படுத்துவிட்டார். பையன் விட்பியில் புதுவீட்டுக்கு முற்பணம் கட்டியிருக்கிறான் என்று தெரியவந்ததும், தெலுங்கும் காதுக்கு நல்ல பாஷைதான் என்று எழுந்து முகம் கழுவினார். அன்புராசாவுக்கு ஆட்சேபனை ஏதும் இருக்கவில்லை. கடைக்கு வரும் தெலுங்குப் பெண்கள் பட்டை மடித்துப் பார்க்கும் விதத்திலேயே அவருக்கு அந்தச் சனத்தின்மீது மதிப்பு உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்த பையன் வீட்டுக்குப் பேசப் போனார்கள். காரில் புனிதவதி புத்தி சொன்னார்.

"இஞ்சாருங்கோ, அங்க போய் உங்கட வியாபாரக் கதை கதைக்காதையுங்கோ. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுச் சிரிச்சுக்கொண்டு இருங்கோ. மிச்சத்தை நான் பாப்பன்."

"நான் வாயே திறக்கேல்லையப்பா."

பையனின் தகப்பன் நரசிம்ம ராஜு கடப்பாக்காரர். அம்பத்தூரில் பொறியியலாளராக வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட தமிழ் இன்னும் உதிரவில்லை. "வாங்க, வாங்க பாவகாரு!" என்று கதவடியிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். தெலுங்கில் சம்பந்தி முறைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம்முடைய மச்சான்தான், மரியாதை கொஞ்சம் கூட.

வரவேற்பறையில் தொலைக்காட்சி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கல்லின் படம் தொங்கியது. ஆளுயரம். உடைந்த பாறையில் வட்ட வட்டமாகத் தேய்ந்துபோன எழுத்துகள். அன்புராசா சும்மா அதைப் பார்த்தார். பார்த்தது பிழை.

"அது எங்க ஊர்ப் பக்கத்துக் கல்லு, பாவகாரு. ரேநாட்டுச் சோழர்கள் பொறிச்சது. மத்தவங்க எல்லாம் சமஸ்கிருதத்துல எழுதிக்கிட்டிருந்தப்ப தெலுங்குல எழுதினவங்க. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"சோழரோ? தஞ்சாவூர்ச் சோழரோ?"

"அவங்களுக்கும் மூத்தவங்க!" ராஜு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "தெலுங்குச் சோழர்கள். சோடர்னு சொல்வோம். ரேநாடு, பொத்தப்பி, வெலநாடு, நெல்லூருன்னு எத்தனையோ கிளை. ஆனா எல்லாரும் ஒருத்தர்கிட்டருந்துதான் வந்தோம்னு கல்லுல எழுதி வச்சிருக்காங்க. கரிகாலன்! காவேரிக்குக் கரை போட்ட கரிகாலன். சூரிய வம்சம். நெல்லூர்த் திக்கன்னு ஒரு ராஜா, உங்க தஞ்சாவூர்ச் சோழனே ஆட்டம் கண்டப்ப போய்த் தூக்கி நிறுத்தினான். அதுக்காகச் சோழ ஸ்தாபனாச்சாரியன்னு பட்டமே போட்டுக்கிட்டான். எங்க குடும்பம் அந்த வழி."

அன்புராசா தலையாட்டினார். ஸ்காபரோவில் ஒரே பெயரில் நாலு கொத்துரொட்டிக் கடை இருக்கிறது. ஒவ்வொன்றின் பலகையிலும் 'இதுவே அசல்' என்று எழுதியிருக்கும். ஊருக்கு ஊர் கிளை வைத்து, எல்லாக் கிளையும் கரிகாலன் பெயரைப் பலகையில் முதலில் போட்டிருக்கிறது என்றால், இந்தத் தெலுங்குச் சோழர்களுக்கு யாவாரம் தெரிந்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ராஜுவின் குரல் அவருக்கு மிகவும் பழக்கமான குரல். காஞ்சிபுரத்து மொத்த வியாபாரி பட்டை விரித்துக்கொண்டு புகழும் அதே குரல். அந்த நேரத்தில் வாங்க வந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால், விற்கிறவன் சொன்ன விலைக்குச் சம்மதித்ததாக அர்த்தம். பெண்ணைப் பெற்றவன் முதல் நாளிலேயே அவர்கள் சொன்ன விலைக்குத் தலையாட்டலாமா?

"எங்கட ஆக்களும் கரிகாலன்ர வழிதான்," என்றார் அன்புராசா.

புனிதவதியின் தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"நிஜமாவா?" ராஜு எழுந்தே விட்டார். "எப்படி?"

"சோழர் காலத்தில காவேரிக்கரையால வந்து யாழ்ப்பாணத்தில குடியேறின ஆக்கள். வீட்டில பெரியாக்கள் சொல்லுவினம்."

அன்புராசாவின் வீட்டில் பெரியவர்கள் பேசியதெல்லாம் துணியின் அகலத்தைப் பற்றித்தான்.

இத்தனை நேரமும் அரிசெலு என்ற இனிப்பை அடுக்கிய தட்டோடு நின்ற பையனின் தாய் சுபத்ரா அப்போதுதான் வாய் திறந்தார். "பாஷை வேற, ஊர் வேற, எல்லாத்துக்கும் நான் சரின்னுட்டேன். ஒண்ணுதான் கேக்கணும். உங்க கோத்ரம் என்ன?"

யாழ்ப்பாணத்தான் கோயிலில் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் சொல்வான். கோத்திரம் என்று ஒன்று இருக்கிறதென்பது ஐயர் கேட்டால்தான் ஞாபகம் வரும். ஆனால் வந்தவர் ஒன்று கேட்டுவிட்டார். கடையில் நிற்பதுபோல, மனதுக்குள் கை தானாக அலுமாரிக்குப் போனது.

"நீங்கள் என்ன கோத்திரமக்கா?"

"காஸ்யப கோத்ரம்."

"அதேதான்! எங்களிட்டயும் அதுதான் இருக்கு."

சுபத்ராவின் தட்டு பாதி வழியில் திரும்பி, மேசையில் அவர் பக்கத்திலேயே இறங்கியது. ராஜுவின் முகத்தில் சந்தோஷமும் துக்கமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. கடைசியில் சந்தோஷம்தான் வென்றது. அவர் அன்புராசாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அன்னய்யா!" என்றார். பாவகாரு போய்விட்டது. அன்னய்யா என்றால் அண்ணன்.

பெற்றவர்கள் மார்க்கத்திலிருந்து வீட்டுக்கு வந்துசேரும் முன்னமே, தேஜா சொல்லி அட்சயாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒரே கோத்திரம் என்றால் ஒரே தகப்பன் வழி. தகப்பன்மார் பங்காளிகள், பிள்ளைகள் சகோதரங்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் தாலி கட்டுவதில்லை.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? தேஜாவை எனக்கு அண்ணா ஆக்கிட்டு வந்திருக்கிறீங்கள்!"

"பிள்ளை, அது ஒரு பேச்சுக்கு..."

"சிட்டி ஹோல்ல சைன் பண்ணலாம். ஆனா அவன் அம்மாவை அழவிட்டிட்டு வரமாட்டான். வரச்சொல்லி நானும் கேக்கமாட்டன். கட்டினது நீங்கள். அவிழ்த்து விடவேண்டியதும் நீங்கள்தான்." கதவு சாத்தப்பட்டது. புனிதவதி அன்றிலிருந்து கணவருடன் பேசுவதை உப்பு, புளி அளவுக்குக் குறைத்துக்கொண்டார்.

அவிழ்ப்பது லேசாக இருக்கவில்லை. அன்புராசா அடுத்த நாளே ராஜுவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ராஜு, நான் நேற்று சும்மா பகிடிக்குச் சொன்னனான். எங்களுக்கும் கரிகாலனுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது."

"ராஜ வம்சத்துக்காரங்க இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க, அன்னய்யா!"

அதற்குப் பிறகு ராஜுவிடமிருந்துதான் அழைப்புகள் வந்தன. காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு, "அன்னய்யா, டிபன் ஆச்சா?" மத்தியானம் நெல்லூர்த் திக்கன் காஞ்சியை எப்படிக் கைக்குள் வைத்திருந்தான் என்று நீண்ட குரல்பதிவு. மகன் கொட்டாவி விடுகிறான், மனைவி எழுந்து போகிறாள், இந்த நாட்டில் இவ்வளவு காலமும் இந்தக் கதையைக் கேட்க ஓர் ஆள் இல்லாமல் இருந்தேன், இப்போது அண்ணனே கிடைத்துவிட்டார் என்று ஒருநாள் குரல் கம்மச் சொன்னார். கலியாணம் நின்றது அவருக்கும் வருத்தம்தான். ஆனால் அண்ணனை விட்டுக்கொடுக்க மனமில்லை.

'விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்று கல்லாவுக்கு மேலே எழுதி வைத்த மனிதர், தான் விற்றதைத் திருப்பித் தரச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பக்கத்துச் சாப்பாட்டுக்கடை சூசைதாசனுடையது. மட்டன் ரோல்சும் வாயும் இரண்டுமே சூடாக இருக்கும். அவரிடம் போய் அன்புராசா ஒப்பித்தார்.

"எங்களுக்கு உந்தக் கரைச்சல் இல்லை மச்சான்," என்றார் சூசைதாசன். "ஆதாம், ஏவாள், அவ்வளவுதான். எல்லாரும் ஒரு கோத்திரம், எல்லாரும் கட்டுறம். சரி, போய் உண்மையைச் சொல்லன்."

"சொல்லிப் பாத்திட்டன். நம்புறானில்லை."

"உண்மை எடுபடேல்லையெண்டா வேற பொய் கொண்டு போ. உனக்கு நான் சொல்லித் தரவேணுமே? விலை கூடின பொய்யைக் குடுத்திட்டாய். விலை குறைஞ்சது ஒண்டைக் குடுத்து அதை மாத்தி எடு."

அன்புராசா ரோல்சைக் கடிக்காமல் வைத்திருந்தார். "நீயும் வா," என்றார்.

இரண்டாவது முறை மார்க்கம் போனபோது சூசைதாசன் கார் ஓட்டினார். சுபத்ரா "வாங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். தட்டு இருந்தது. அவர் பக்கத்தில் இருந்தது.

இம்முறை அன்புராசா வாங்க வந்தவர்போல உட்கார்ந்தார். கல்லைப் பார்த்தார். "ராஜு, சோடர் கல்லுகளில காவேரிக்கரையைப் பற்றி என்ன கிடக்குது?"

கேட்கவேண்டுமா? ராஜு கண்ணை மூடிக்கொண்டு சமஸ்கிருதத்தில் ஒரு நீண்ட வரி சொன்னார். எதிர்த்த அரசன் ஒருவனுக்கு நெற்றிக்கண் இருந்ததாம், அது கரிகாலனால் போனதாம்.

"அது சரி. கரையைக் கட்டினது ஆர்? கரிகாலன் தன்ர கையால மண் வெட்டினவரோ?"

"என்ன அன்னய்யா நீங்க! ராஜா மண் வெட்டுவாரா? தோத்த ராஜாக்களை வேலை வாங்கினாருன்னுதான் கல்லுல இருக்கு. ஏன், உங்க லங்காவுல பழைய புத்தகங்கள்லயே இருக்கே, சோழ ராஜா அங்கருந்து பன்னிரண்டாயிரம் பேரைப் பிடிச்சிட்டுப் போய்க் காவேரிக்கரை கட்ட வச்சாருன்னு."

அன்புராசா கல்லின் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். விற்கிறவரே தன் வாயால் விலையைச் சொல்லிவிட்டால், வாங்க வந்தவன் அவசரப்படக்கூடாது. சூசைதாசன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராஜு," என்றார் அன்புராசா கடைசியில், "அண்டைக்கு நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்போட்டன். கரிகாலன்ர ஆக்கள் எண்டது சரி. ஆனா வழி வேற. வேலைக்குப் போன வழி. கரைக்கு மண் சுமந்த ஆக்கள்."

பெரியகடையில் தகப்பனின் கடை வாசலில் செருப்போடு ஏற ஆட்கள் தயங்குவார்கள், அவ்வளவு மரியாதை. ஒருவரும் கேளாமலே தன் விலையைக் குறைத்தது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

ராஜு யோசித்தார். ஓர் அண்ணன் கைநழுவிப் போவது முகத்தில் தெரிந்தது. பிறகு வேறொன்று மெல்லமெல்லத் தெரிந்தது.

"அப்போ... உங்க பெரியவங்க எங்க பெரியவங்களுக்கு..."

"கூடை தூக்கினவை."

ராஜு நாற்காலியில் நிமிர்ந்து சாய்ந்து உட்கார்ந்தார். கரிகாலனுக்குப் பங்காளி வந்தது பெரிய காரியம்தான். ஆனால் கரிகாலன் ஏவலுக்கு நின்ற ஆள்கட்டு வந்தது அதைவிடப் பெரிய காரியம். வம்சம் உண்டென்று சொல்ல யாராலும் முடியும். அதற்கு மண் சுமந்தவனே நேரில் வந்து சாட்சி சொல்வது எத்தனை வம்சத்துக்கு வாய்க்கும்?

"அப்படின்னா கோத்ரம்?" சுவரோரத்திலிருந்து சுபத்ரா கேட்டார். அவர் கல்லையோ ராஜுவையோ பார்க்கவில்லை. அன்புராசாவின் கண்ணைத்தான் பார்த்தார். கடைக்கு வந்து, பட்டின் மடிப்பைப் பிரித்து, உட்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பெண்களின் பார்வை. "அன்னைக்கு இருக்குன்னீங்களே?"

அன்புராசாவின் நாக்கு நுனியில் வேறு பெயர்கள் வந்து வரிசையாக நின்றன. பரத்துவாசர், கௌசிகர், வசிட்டர், எது வேண்டும்? எதைச் சொன்னாலும் இந்த மனிசி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும். அந்தப் பொய்யின் மறுமுனையில் அட்சயா கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள்.

"இல்லை," என்றார்.

சொல் வெளியே வந்ததும் யாரோ சொன்னதுபோல அவருக்கே கேட்டது.

"இல்லையக்கா. எங்களிட்ட கோத்திரம் எண்டு ஒண்டும் இல்லை. கோயில்ல பேரும் நட்சத்திரமும் சொல்லுவம். அவ்வளவுதான் எங்களிட்ட இருக்கிறது."

சுபத்ரா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து தட்டை அன்புராசாவின் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்கோங்க, பாவகாரு," என்றார் ராஜு.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஏறும்வரை சூசைதாசன் அடக்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒரு சந்தேகம். அந்தப் பன்னிரண்டாயிரம் பேரும் சிங்கள ஆக்களெல்லோ?"

"மண் சுமக்கேக்க ஆர் பாஷை கேட்டது?"

"எனக்கு ஒண்டுமில்லை. ஆனா உதை ஸ்காபரோவில மட்டும் வாய்விட்டிடாத. கடைக்கு ஒருத்தரும் வராயினம்."

ஸ்காபரோவில் அதை வாய்விட்டவர் அன்புராசா அல்ல. நிச்சயதார்த்தம் அங்கேதான் ஒரு மண்டபத்தில் நடந்தது. அட்சயா மயில்கழுத்து நிறத்தில் சேலை உடுத்து, தேஜாவோடு நின்று படமெடுத்துக்கொண்டிருந்தாள். புனிதவதி கணவருடன் மறுபடி முழு வசனங்களில் பேசினார். நரசிம்ம ராஜு ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். ரேநாட்டில் தொடங்கி, பொத்தப்பி வழியாக நெல்லூருக்கு வந்து, காவேரிக்கரையில் ஏறி நின்று, அன்புராசாவின் தோளில் கையைப் போட்டார்.

"எங்க கரிகாலன் கரை கட்டினப்ப மண் சுமந்தது யாருன்னு நினைக்கிறீங்க? எங்க பாவகாருவோட வம்சம்தான்! அன்னைக்கு ஆரம்பிச்ச உறவு!"

தெலுங்குப் பக்கம் கைதட்டியது. தமிழ்ப் பக்கத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. அன்புராசா இரு கையையும் கூப்பி, கடையில் தீபாவளிக்கு முதல்நாள் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தார்.

அவர் மேசைக்கு வந்ததும், பிக்கரிங்கிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன் பத்மநாதன் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். காது சிவந்திருந்தது.

"என்னடா உது? எங்களையும் சேர்த்தெல்லோ கூலிக்கு விட்டிருக்கிறாய்?"

"ஓமண்ணை."

"ஓமோ? பரம்பரையையே மண்ணுக்குள்ள போட்டிட்டு ஓம் எண்டிறாய்?"

அன்புராசா மேடையைப் பார்த்தார். அட்சயா ஏதோ சொல்ல, தேஜாவின் தாய் சிரித்து, அவளுடைய சேலை முந்தானையைத் திருப்பி உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"மண்தானேயண்ணை," என்றார் அன்புராசா. "குளிச்சாப் போகும். நீங்கள் சாப்பிடுங்கோ."