நடுவில் வைத்த சொம்பு

சௌந்திரம் அந்தப் பட்டியலை மூன்றாவது முறையாகப் படியெடுத்துக்கொண்டிருந்தாள். முதல் படியில் மை சிந்திவிட்டது. இரண்டாவதில் புரட்டாசியை ஆவணிக்கு முன்னால் எழுதிவிட்டாள். மூன்றாவதில் பிழை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் விரல் மறுபடி மறுபடி முதல் வரிக்கே போய் நின்றது.

"ஏஞ் சாமி, சோறு ஆறிப்போகுது. அந்தக் காயிதத்தையே பாத்துட்டிருந்தா அதுல இன்னும் ரண்டு வரி மொளைக்குமா?" என்றார் அப்பா வேலுமணி. அயோத்தியாப்பட்டணம் ஸ்டேஷனில் அவர் பாயிண்ட்ஸ்மேன். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து மகளோடு இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது.

"அப்பா, நான் பண்றது செரிதானுங்களா?"

"எனக்கென்ன தெரியும்? ரயிலு வந்தா கொடி காட்டுவேன். இது ரயிலு இல்லையே."

சிரிப்பு வரவில்லை அவளுக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் ஊர் கூடுகிறது. குஞ்சம்மாள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போவதா இல்லையா என்று அங்கே முடிவாகிவிடும். போனால் அடுத்த தடவை உயிரோடு வருவாளா என்பது யாருக்கும் தெரியாது. சௌந்திரத்துக்குக் கொஞ்சம் தெரியும். அவளிடம் தேதிகள் இருந்தன.

குஞ்சம்மாள் சாயங்கால வகுப்புக்குப் பதினோரு நாள் வந்தவள். சேலத்திலிருந்து ரயிலில் வந்து பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குப் பாடம் சொல்லும் வசந்தாமணி டீச்சர், எல்லோரையும் தினம் ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். எப்போது, என்ன, எங்கே என்ற மூன்றும் இல்லாவிட்டால் அது குறிப்பே இல்லை என்பார். பன்னிரண்டாம் நாள் புருஷன் தீர்த்தகிரி வாசலில் வந்து நின்று குஞ்சம்மாளின் சிலேட்டைப் பிடுங்கி உடைத்தான். அதன் பிறகு கிணற்றடியில் அவள் சொல்லச் சொல்ல சௌந்திரம் தன் நோட்டில் எழுதிவைத்தாள். ஆடி முதல் மார்கழி வரை பதினாலு தடவை. தேதி, எதனால் அடித்தான், எங்கே ஓடினாள்.

எழுதியதோடு சும்மா இருக்கவும் முடியவில்லை. சேலத்தில் பெண்களுக்கான இல்லம் ஒன்றுக்கு டீச்சர் கடிதம் போட்டார். புருஷன் உயிரோடிருக்கும் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள விதியில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. கிராம முன்சீப்பிடம் போனபோது, ஊர் வழக்கை ஊரில் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

ஊர் வழக்கம் பெண்ணை ஒரேயடியாகக் கட்டிப்போடவில்லை. புருஷன் கூட்டத்தில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் கட்டு அறுந்தது. ஆனால் அதற்கு முன் பெண்ணின் பிறந்த வீட்டார் தங்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நடுவில் வைக்க வேண்டும். இனி இவளுக்கு நாங்கள் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். சொம்பு வராவிட்டால் துரும்பும் இல்லை.

குஞ்சம்மாளுக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன் அங்கமுத்து மட்டும்தான். அவனுக்குப் பெண் கிடைக்காமல்தான் இந்தக் கல்யாணமே நடந்தது. தீர்த்தகிரி வீட்டில் தங்கச்சி மயிலம்மாளை அங்கமுத்துவுக்குக் கொடுத்து, பதிலுக்குக் குஞ்சம்மாளை எடுத்தார்கள். பதினைந்து வயதுக் குஞ்சம்மாள் சோளக்காட்டில் ஒளிந்துகொண்டாள். இழுத்து வந்து, இரண்டு பெண்கள் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, தாலி ஏறியது. இப்போது அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் மயிலம்மாளும் தன் அண்ணன் தீர்த்தகிரி வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பெண் மாற்றிக்கொண்ட வீடுகளில் அதுதான் கணக்கு.

நாலு மணிக்கு சௌந்திரம் முதலில் பார்த்தது அங்கமுத்துவின் கைகளைத்தான். இரண்டும் வெறுங்கையாக இருந்தன.

குஞ்சம்மாள் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தீர்த்தகிரி புதுத்துண்டு போட்டிருந்தான். பெண்கள் கூட்டத்தில் மயிலம்மாள் கைக்குழந்தையோடு நின்றாள். குழந்தைக்குக் குடிக்க ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள்.

"அடிச்சானாம், அடிச்சானாம்னா எப்படி?" என்றார் ஊர்க்கவுண்டர் சின்னண்ணன். "எந்த ஊட்டுல அடி விழல?"

சௌந்திரம் எழுந்து நின்றாள். "ஏனுங்க, எழுதி வெச்சிருக்கறனுங்க."

"ஏனுங்களாம்!" என்று ஒருவன் அவளுடைய திருச்செங்கோட்டுப் பேச்சை இழுத்துக் காட்ட, சிரிப்பு எழுந்தது.

"டேசன்காரப் பொண்ணா? சரி, படிக்கட்டும். சர்க்கார் சிலேட்டு எவ்வளவு சொல்லிக் குடுத்துருக்குதுன்னு பாப்போம்," என்றார் ஊர்க்கவுண்டர்.

காகிதத்தைப் பிரித்தாள். படித்தாள். "ஆடி பதினெட்டு. மாட்டுச் சாட்டை. ஓடின இடம், பெருமாயி வீட்டு அடுப்படி."

பொரி வறுத்து விற்கும் பெருமாயி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "ஆமா, வந்தா. முதுகுல வெளக்கெண்ணெ போட்டேன். அதுக்கென்னாங்கறே? என்னைக் கேக்க ஊட்டுல ஆம்பள இருக்கானா?"

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. சௌந்திரத்துக்குத் தைரியம் வந்தது. குரல் தானாகவே உயர்ந்தது. "ஆவணி ஒம்பது. கை. சோளக்காடு. புரட்டாசி நாலு. விறகுக்கட்டை. ஓடின இடம், அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டாய். சோறு போட்டது மயில..."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எழுதியதைப் படித்து முடிக்க வேண்டும் என்றுதான் வாய்க்குத் தெரிந்திருந்தது. "...மயிலம்மாள்."

அங்கமுத்து மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தான். தீர்த்தகிரியும் தன் தங்கச்சியைப் பார்த்தான். இரண்டு பார்வைக்கும் நடுவில் மயிலம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"எங்கூட்டுலயா?" என்றான் அங்கமுத்து. "நான் கவலை ஓட்டித் தண்ணி எறைக்கப் போன நேரத்துலயா?"

குஞ்சம்மாள் துள்ளி எழுந்தாள். அன்று அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "பொய்யி! அண்ணி ஊட்டுக்கு நான் போகவேயில்ல. இந்தப் பொண்ணு தப்பா எழுதிடுச்சு."

ஊர்க்கவுண்டர் சௌந்திரத்தைப் பார்த்தார். "ஏம்மா, தப்பா எழுதினியா?"

மூன்று முறை படியெடுத்த காகிதம். சௌந்திரம் குஞ்சம்மாளைப் பார்த்தாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணாலேயே கெஞ்சினாள். எது சரி? உண்மை சொன்னால் மயிலம்மாள் முதுகு. பொய் சொன்னால் குஞ்சம்மாள் முதுகு. யோசிக்க ஒரு நாள் வேண்டும், ஒரு பக்கம் வேண்டும். இங்கே ஒரு மூச்சுக்குத்தான் இடம் இருந்தது.

"ஆமாங்க," என்றாள். "தப்புங்க."

தீர்த்தகிரி துண்டை உதறிச் சிரித்தான். "படிச்ச பொண்ணு!"

"ஒண்ணு பொய்னா மத்ததும் பொய்தானே," என்றார் ஊர்க்கவுண்டர். "சொம்பும் வரல. எந்திரிங்க. குஞ்சம்மா, புருஷனோட கெளம்பு."

குஞ்சம்மாள் சேலையைத் தட்டிக்கொண்டு நகர்ந்தாள். சௌந்திரத்துக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு அடி முன்னால் வைத்தாள், பின்னால் வைத்தாள். சொன்ன பொய்யை எப்படித் திரும்ப எடுப்பது என்று வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.

அப்போது கோயில் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது.

மயிலம்மாள் ஒரு கையால் குழந்தையைப் பிடித்தபடி மறு கையால் கயிற்றை இழுத்தாள். கயிறு சரிந்த இடத்தில் பெருமாயி ஓடிப்போய் ஒரு பிடி பிடித்தாள். வாளித் தண்ணீரைக் குழந்தைக்குக் கொண்டுவந்த சொம்பில் தளும்ப நிரப்பி, ஆண்களை விலக்கிக்கொண்டு வந்து, மயிலம்மாள் அதை நடுவில் வைத்தாள்.

"அந்தப் பொண்ணு ஒண்ணும் தப்பா எழுதல," என்றாள். "என்கிட்டதான் வந்தா. நாலு தரம்னு எழுதியிருப்பா. அஞ்சு தரம்."

"ஏ மயிலு!" என்று கத்தினான் அங்கமுத்து.

ஊர்க்கவுண்டர் கையமர்த்திவிட்டு, சொம்பைத் தூக்காமல் குனிந்து சுற்றிப் பார்த்தார். "பொறந்த ஊட்டுச் சொம்புதானா இது? ஏம்மா, படிச்ச பொண்ணு. இங்க வா. என்னா பேரு வெட்டியிருக்குது?"

சௌந்திரம் மண்ணில் மண்டியிட்டாள். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகத் தேய்ந்த எழுத்துகள். ஒரு தரம் மனசுக்குள் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"நாச்சிமுத்துங்க."

"இதாவது சரியாப் படிச்சியா?"

"படிச்சனுங்க."

"நாச்சிமுத்து குஞ்சம்மாவைப் பெத்தவன்," என்றார் ஊர்க்கவுண்டர் கூட்டத்தைப் பார்த்து. "அவன் சொம்பு. அந்த ஊட்டுல வெளக்கேத்துறவ கொண்டாந்து வெச்சிருக்கா. சொம்பு வந்துருச்சு."

தீர்த்தகிரி தங்கச்சியின் முன்னால் வந்து நின்றான். "அப்ப நீயும் கெளம்பு. குடுத்ததை நாங்க எடுத்துக்கறோம்."

"என்னை வேணாம்னு சொல்ல வேண்டியது நீ இல்ல, அண்ணே. இவரு. அவரைக் கேளு."

எல்லோரும் அங்கமுத்துவைப் பார்த்தார்கள். அவன் சொம்பில் இருந்த தன் தகப்பன் பேரைப் பார்த்தான். அம்மா இடுப்பிலிருந்து தன்னை நோக்கிக் கையை நீட்டிய குழந்தையைப் பார்த்தான்.

"போயிட்டா கூழு யாரு காய்ச்சறது?" என்று தரையைப் பார்த்து முனகினான்.

பெருமாயிதான் முதலில் சிரித்தாள். பிறகு கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் தீர்த்தகிரியால் தாங்க முடியாததாகிவிட்டது. கீழே கிடந்த வைக்கோல் துரும்பை எடுத்து வெடுக்கென்று கிள்ளி எறிந்தான். அது குஞ்சம்மாள் பக்கம் விழவில்லை. மயிலம்மாளின் காலடியில் விழுந்தது.

"இனிமே உனக்கும் பொறந்த ஊடு கிடையாது. ஒரு நாள் அழுதுக்கிட்டு வருவே. கதவு தொறக்காது." திரும்பிப் பார்க்காமல் போனான். "எங்க விழுந்தாலும் துரும்பு துரும்புதான். கட்டு அறுந்துருச்சு," என்றார் ஊர்க்கவுண்டர்.

குஞ்சம்மாள் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரைக் கழுத்து நனைய நனையக் குடித்தாள்.

திரும்பும்போது அங்கமுத்து முன்னால் வேகமாக நடந்தான். அவனுக்கு இருபது அடி பின்னால் மூன்று பெண்களும் வந்தார்கள். ஸ்டேஷன் பாதை பிரியும் இடத்தில் சௌந்திரம் நின்றாள்.

"அக்கா, உங்க பேரைப் படிச்சிருக்கக் கூடாதுங்க. எனக்குத் தெரியாமப் போச்சுங்க."

"விடு. அந்த அஞ்சாவது தரத்தை எழுதிக்க. ஐப்பசி, மழை ஊத்துன அன்னிக்கு. இனி யாருக்குப் பயந்து..." மயிலம்மாள் முடிக்கவில்லை. அவள் பார்வை முன்னால் போகும் அங்கமுத்துவின் முதுகின் மேலேயே இருந்தது. அந்த முதுகு ஊர் சிரித்த சிரிப்பை மறக்குமா, வீடு போய்ச் சேரும் வரை தூக்கிக்கொண்டு போகுமா என்று சௌந்திரமும் பார்த்தாள்.

பட்டியலில் ஓடின இடங்களை எழுதிய கடைசிப் பத்தி அவள் மனசில் ஓடியது. அடுப்படி, சோளக்காடு, மாட்டுக்கொட்டாய், கோயில் பின்புறம். பதினாலு வரியிலும் ஸ்டேஷன் வீடு ஒரு தடவைகூட இல்லை. எழுதும்போது அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்பா என்ன சொல்வார் என்று தெரியாது. கேட்ட பிறகு சொல்லலாமா? கேட்டுவிட்டுச் சொல்வதற்குள் இன்னொரு தேதி விழுந்துவிட்டால்?

"அக்கா," என்றாள். "எங்க ஊட்டுப் பொறக்கடைக் கதவுக்கு இனிமே தாழ் போடமாட்டனுங்க. உங்களுக்குந்தான்."

மயிலம்மாள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள்.

"நாய் இருக்குதா?"

"இல்லீங்க."

"சரி," என்று சொல்லிவிட்டு, குஞ்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த முதுகுக்குப் பின்னால் நடந்தாள்.