நோட்டீஸில் சிரித்த முகம்

சந்திரமதி வாசலில் நின்றபடி கையிலிருந்த நோட்டீஸையும் வெள்ளையம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜொகூர் பாரு ரயில்வே கிளார்க்கின் மனைவி அவள். கல்யாணமாகிக் கப்பலேறி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பருமனான உடம்பு. தம்போய் வரைக்கும் வெயிலில் வந்ததில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

“அக்கா, இதுல இருக்கறது நீங்கதானே?”

வெள்ளையம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தக் காகிதத்தைத் தெரியும். ஒரு பக்கம் கன்னம் உப்பியிருந்த பழைய படம், மறு பக்கம் கழுத்தெலும்பு தெரியச் சிரிக்கும் புதுப் படம். கீழே இருந்ததைச் சந்திரமதி வாசித்தாள்: “இந்த மருந்தால் நாற்பதே நாளில் என் ஸ்தூல சரீரம் கொடிபோல் மெலிந்தது. என் கணவர் மனம் மகிழ்ந்தார். இப்படிக்கு, தம்போய் வெள்ளையம்மாள்.”

வெள்ளையம்மாவை மெலிய வைத்தது குளிர்காய்ச்சல். ஏழு மாதப் பிள்ளை வயிற்றிலேயே போனது. மூன்று மாதம் கொயினா மருந்து குடித்து எழுந்தபோது பழைய ரவிக்கைக்குள் இரண்டு பேர் இருக்கலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த புருஷன் அய்யாவு அவளை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டிருந்தான். அந்த நாளில்தான் மருந்துக்கடை செல்லப்பன், அய்யாவுக்குப் பழக்கப்பட்டவர், தன் மருந்து நோட்டீஸுக்குப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். ஸ்டூடியோ வைத்திருந்த ஜப்பான்காரன் அவள் தாடையை விரலால் லேசாக உயர்த்தி, விளக்கைத் திருப்பி, தலை சாய்த்து அவளையே பார்த்தான். யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன எழுதப்போகிறார்கள் என்பதைச் செல்லப்பன் மறைக்கவில்லை. படிக்கிறவர்கள் யார் தன்னைத் தேடி வரப்போகிறார்கள் என்று அவள்தான் நினைத்துக்கொண்டாள்.

“ரெண்டு டப்பா தீந்துருச்சுக்கா. வயித்தால போறதுதான் மிச்சம். உங்களுக்கும் மொதல்ல இப்படித்தான் இருந்துச்சா?” சந்திரமதி குரலைத் தாழ்த்தினாள். “என்னய வெளிய கூட்டிட்டுப் போக வெக்கமா இருக்குங்கறாரு.”

நான் அந்த மருந்தைத் தொட்டதே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் வெள்ளையம்மா. சொன்னால் பிள்ளையைச் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த மூன்றாம் மாதமே படத்துக்குச் சிரித்ததையும் சொல்ல வேண்டும்.

“ஆமா. மொதல்ல அப்படித்தான். விடாம சாப்பிடு,” என்றாள் வெள்ளையம்மா.

சந்திரமதி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

வெள்ளையம்மா அன்று ராத்திரி உண்மையைச் சொல்லிவிடவா என்று அய்யாவிடம் கேட்டாள். “சொல்லிட்டு? செல்லப்பண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?” என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதைக் காரணமாக வைத்துக்கொண்டு அவளும் ஒன்றரை மாதம் சும்மா இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில், கிளார்க் வீட்டுப் பெண் குழாயடியில் மயங்கி விழுந்ததாகப் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் வெள்ளையம்மா ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்த சந்திரமதிக்குக் கண் குழிந்திருந்தது. ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு. “பாத்தீங்களாக்கா? எளச்சிட்டேன்!”

வெள்ளையம்மா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சலை, பிள்ளையை, தன் வாசலில் சொன்ன பொய்யை. ஜப்பான்காரன் முன்னால் சிரித்ததையும் விடவில்லை.

சந்திரமதி உட்கார்ந்தபடி சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“எதுக்குக்கா இப்ப வந்து சொல்றீங்க? முந்தாநாள் அவரே கூப்பிட்டு பசாருக்குக் கூட்டிட்டுப் போனாரு.”

“அது வெறும் பேதி உருண்ட, தாயி. உசுரக் குடிச்சிரும். விட்டுரு.”

“நீங்கதானே விடாம சாப்பிடச் சொன்னீங்க.”

அந்தக் குரலில் கோபமே இல்லை.

“இருங்க, தண்ணி கொதிக்குது. காப்பி போடறேன்,” என்று எழுந்த சந்திரமதி இரண்டடி வைப்பதற்குள் கண் இருட்டிச் சுவரைத் தேடினாள். வெள்ளையம்மா பாய்ந்து அவள் மேல்கையைப் பிடித்தாள். தளர்ந்த தோல் பிடிக்குள் வழுக்கியது, சில்லென்று வேர்த்திருந்தது. சந்திரமதி கையை உதறவில்லை, அவள்மேல் சாயவும் இல்லை. அடுப்பில் மூடி தடதடத்துக்கொண்டிருந்தது. இருவரும் அப்படியே நின்றார்கள்.