பலகையில் எழுதிய எண்

தைப்பூசத்தன்று மதியம், கைப்பேசி எண்ணை மாற்றிவிடலாமென்று புது சிம் அட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றுக்காரர்களின் அழைப்பு தாங்க முடியவில்லை. அப்போதும் ஒன்று வந்தது.

"அம்மா, ஒங்க மக தண்ணீர்மலை முருகன் கோயில்ல எங்க மோர்ப் பந்தல்ல அழுதுகிட்டு இருக்கு. சீக்கிரம் வாங்க லா!"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, மகள் ஏது? நன்றாகத் திட்டிவிட்டு வைக்கலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் ஒரு விசும்பல்.

"டீச்சர், நான் லவீனா."

என் முதலாம் ஆண்டு வகுப்பின் ஏழு வயதுப் பிள்ளை! எந்தப் பந்தல் என்று அழைத்தவரிடம் கேட்டுக்கொண்டு, உடனே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தேடி, அவள் அம்மா சாந்தினியை அழைத்தேன். கூட்டத்தில் மகளைத் தேடிக் கத்தி அவருக்குத் தொண்டையே கட்டியிருந்தது. பந்தலின் அடையாளத்தைச் சொன்னேன். பத்து நிமிடத்தில் படம் வந்தது: அம்மா இடுப்பில் லவீனா, கையில் மோர்.

மறுநாள் வகுப்பில் கேட்டேன்.

"தொலைஞ்சு போனா சொல்றதுக்கு அம்மா நம்பரத்தானே மனப்பாடம் பண்ணச் சொன்னேன்?"

"நீங்க பலகையில எழுதுனதத்தான் டீச்சர் பண்ணேன்."

உதாரணத்துக்கு என் எண்ணை எழுதிய முட்டாள் நான்தான்.

"வேற யாருக்கு அது தெரியும்?"

இருபத்தாறு பேரும் எழுந்து நின்று, வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஒப்பித்தார்கள். ஒருவர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும் புது சிம் அட்டையைக் குப்பையில் போட்டேன்.