யாராயிருந்தாலும்

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கார்வர் பேச எழுந்தபோதே சோல்வே டிவெட்டன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். மின்னசோட்டா மாநிலத்து டுலூத்தில் அவள் நடத்தும் சிற்றாலை, கண்ணாடியிழையை மிக அதிக அளவில் கலந்து அவள் உருவாக்கிய கான்கிரீட் பலகையால் நிற்கிறது. பழைய ஆவணங்கள் இரண்டைக் காட்டி, துறையறிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே அது என்று சொல்லி, காப்புரிமை வாரியம் அவளுடைய உரிமையை ரத்து செய்திருந்தது. வாஷிங்டனில் இந்த மேல்முறையீட்டிலும் தோற்றால், கார்வரின் கட்சிக்காரரான பெருநிறுவனம் மறுநாளே அதே பலகையை வார்க்கத் தொடங்கும், ஆலை தாங்காது.

"யுவர் ஆனர், நான் சொல்லல. இந்தப் பலகைக்கு விருது வாங்கினப்போ அந்தம்மாவே சொன்னாங்க: 'இதுல என்ன இருக்கு? யாராயிருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க.' அவங்களே ஒத்துக்கிட்டப்புறம் நான் எதுக்குத் தொண்டை கிழியக் கத்தணும்?"

அவையில் சிரிப்பெழுந்தது.

சோல்வேயின் வழக்கறிஞர் ஹால்பெர்ட் மறுமொழி கூற எழுந்தார். அவருக்கு எஞ்சியவை இரண்டே நிமிடங்கள். வாய் திறக்குமுன் தலைமை நீதிபதி குறுக்கிட்டார்.

"உங்க கட்சிக்காரர் அன்னைக்குப் பொய் சொன்னாங்களா, இன்னைக்குச் சொல்றாங்களா?"

ஹால்பெர்ட் தம் குறிப்புகளைப் புரட்டினார். நேரம் முடியப்போவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. கட்சிக்காரரான சோல்வே அவையில் பேசக்கூடாது. வழக்கின் ஆவணங்கள் அவளுக்கு மனப்பாடம். ஆயினும் தன்னைத் தானே உயர்த்தி எழுதுவதற்குக் கை கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு துண்டுச்சீட்டில் எழுதி முன்னே நீட்டினாள்.

ஹால்பெர்ட் படித்தார்.

"பொய் இல்ல, யுவர் ஆனர். மின்னசோட்டாக்காரங்க. சமையலைப் பாராட்டினாக்கூட அடுப்பைத்தான் கைகாட்டுவாங்க. ஆனா அந்த 'யாராயிருந்தாலும்' ஒருத்தர் நிஜமாவே இருக்கார். வழக்கு ஆவணத்துல நானூத்திப் பன்னிரண்டாம் பக்கம். கார்வர் தரப்போட தலைமைப் பொறியாளர். வாரியம் காட்டின பழைய ஆவணம் ரெண்டும் அவர் மேசையிலயே இருந்துச்சு. ஆறு வருஷம் முயற்சி பண்ணிட்டு எழுதறார்: 'இவ்வளவு இழை சேர்த்தால் உருண்டை கட்டுகிறது. வழியில்லை. கைவிடுகிறோம்.' வாரியம் இந்தப் பக்கத்தைத் தொடவே இல்ல."

நீதிபதிகள் மூவரும் தாள்களைப் புரட்டினர். கார்வர் தம் கோப்பைக் குனிந்து பார்த்தார், நிமிரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

ஏழு வாரங்களுக்குப் பின் ஹால்பெர்ட் ஆலைக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"வாரியத்தோட முடிவு செல்லாதுன்னுட்டாங்க! நானூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தைக் குறிப்பிட்டே எழுதியிருக்காங்க. ஜெயிச்சது உங்க சீட்டுதான், மேடம்."

"அட, அதுல என்ன இருக்கு? யாராயிரு—"

"மேடம்!"

அவளுக்குப் பின்னால் கலவை இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது.

"சரி," என்றாள். "நான்தான் எழுதினேன்."