காகிதச் சோதனை

பியூலா சவப்பெட்டிக்குள் கையை விட்டு, புறங்கையால் மெத்தையை அழுத்திப் பார்த்தாள். கால்மாட்டில் ஈரம்.

"இதுல அப்பாவப் படுக்க வைக்க முடியாது."

பெட்டி கொண்டுவந்த மதியழகன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். "ஊரப்பாக்கம் வர்றதுக்குள்ள தார்ப்பாய் பறந்துட்ச்சிக்கா. லேசாத்தான் கீது. அவருக்கு இன்னா, ஜலதோஷமா புடிக்கப்போவுது?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மணி இரண்டு. நான்கு மணிக்கு அடக்கம். போதகருக்கு ஐந்தரைக்குப் பல்லாவரத்தில் ஒரு கல்யாணம் இருந்தது.

அப்பா எலியேசர் முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு படகுக் கழகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். படகோட்டத் தெரியாது, நீச்சலும் தெரியாது. அவர் பொறுப்பு படகுகளின் உள்ளறைகளும் அவற்றின் மெத்தைகளும்தான். மழைக்காலம் வந்தால் ஒவ்வொரு மெத்தையையும் பக்கவாட்டில் நிறுத்துவார். உள்ளே காற்றுப் போக உறையின் ஜிப்பை இரண்டு விரல் திறந்துவைப்பார். கடைசியாகக் காகிதச் சோதனை. மெத்தைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, கனமான ஆள் ஒருவர் பத்து நிமிடம் உட்கார வேண்டும். தாள் நமத்தால் படகு புறப்படாது.

இரண்டு வருடங்களுக்கு முன் தம்பி தனசிங்கின் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வந்த நாற்பது பேரையும், தாள் நமத்துவிட்டதென்று படகிலிருந்து இறக்கிவிட்டார். மாப்பிள்ளையின் தாயார் அப்போது பாதி வடை சாப்பிட்டிருந்தார். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. இன்றும் தனசிங் காலையிலிருந்து வாசலில் மழையில் குடையில்லாமல் நின்றார், உள்ளே வரவில்லை.

பியூலா உறையைக் கழற்றி இஸ்திரி போட்டாள். மதியழகன் ஸ்பாஞ்சைத் துண்டில் சுற்றி முறுக்கப் போனான்.

"முறுக்காதீங்க, அழுத்துங்க!"

மின்விசிறியை மெத்தைப் பக்கம் திருப்பியதில், போதகரின் ஜெபக் குறிப்பு பறந்து, எலியேசரைக் கிடத்தியிருந்த ஐஸ்பெட்டியின் கண்ணாடிமேல் அவர் முகத்துக்கு நேரே ஒட்டிக்கொண்டது. அவர் அதை வாசிப்பதுபோலவே இருந்தது.

மூன்றே கால். உறையை மாட்டி, மெத்தையைப் பெஞ்சில் போட்டு, தாளை விரித்தாள்.

"யாராவது பத்து நிமிஷம் உக்காருங்க."

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

"நான் வேணாங்கா," என்றான் மதியழகன். "பெட்டி விக்கிறவன் அதுல குந்தக்கூடாது."

பியூலா தானே உட்காரப் போனாள். ஆனால் அவள் நாற்பத்தைந்து கிலோ, அப்பா ஏற்கமாட்டார்.

"தள்ளு," என்று வாசலில் குரல் கேட்டது. தனசிங், ஆள் நல்ல கனம்.

"சித்தப்பா, உங்க பேன்ட்டு சொட்டுது."

அவர் அவளை முறைத்தார். பிறகு உள்ளறைக்குப் போய், கொடியில் கிடந்த அண்ணனின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, ஐஸ்பெட்டிக்கு எதிரே மெத்தையில் உட்கார்ந்தார்.

ஏழாவது நிமிடத்தில் போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். "போதுமே?"

"இன்னும் மூணு கீது பாஸ்டர்," என்றான் மதியழகன்.

தனசிங் அசையவில்லை. கண்ணாடிக்குள் பார்த்து, "இப்ப திருப்தியா அண்ணா?" என்றார்.

அவர் எழுந்ததும் பியூலா தாளை எடுத்து உதறினாள். மொடமொடவென்று சத்தம் வந்தது. மதியழகன் ஒருமுறை கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

மெத்தையைப் பெட்டிக்குள் வைத்து எலியேசரைக் கிடத்தினார்கள். பெட்டியை மூட மூடியைத் தூக்கும்போது தனசிங் கையைக் காட்டி நிறுத்தினார். தலைமாட்டில் குனிந்து, பியூலா அவசரத்தில் முழுதும் இழுத்து மூடியிருந்த மெத்தையுறையின் ஜிப்பை இரண்டு விரல் அளவுக்குத் திறந்துவைத்தார்.