பதிவு இல்லாத கன்ட்ரோலர்

அக்காவின் கணவர் என் ஃபீலர் கேஜை எடுத்துப் பல் குத்திக்கொண்டிருந்தார். ஸ்பார்க் ப்ளக்கின் இடைவெளியை அளக்கிற மெல்லிய தகடு அது. கடைவாயிலிருந்து எதையோ தோண்டி எடுத்து, அதை ஒருமுறை உற்றுப் பார்த்து, தகட்டை என் துணியிலேயே துடைத்து, எடுத்த இடத்தில் வைத்தார். பிறகு அதே கையால் மேசை மேலிருந்த இரண்டு கன்ட்ரோலர் பெட்டிகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் போன பிறகு அந்தத் தகட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்தும் மனசு ஆறாமல் முறித்துக் குப்பையில் போட்டேன்.

"குட்டி, இதுல எது பெஸ்ட்டு? சட்டுனு சொல்லு."

முப்பத்து மூன்று வயதாகிறது எனக்கு. இந்த வொர்க்ஷாப்பில் இன்ஜினை டியூன் பண்ணுகிற லேப்டாப்பைத் தொட முதலாளி எனக்கு அனுமதி கொடுக்க மூன்று வருஷம் ஆனது. அதுவரை அடுத்தவர்கள் கழற்றிப் போட்டதைக் கழுவிக்கொண்டிருந்தேன். இன்று என் பெயரைக் கேட்டே வண்டிகள் வருகின்றன. இவருக்கு மட்டும் நான் குட்டி.

இவர் வண்டியைச் சொல்ல வேண்டும். தெருவையே எழுப்புகிற சைலன்சர், பெரிய டர்போ, பக்கவாட்டில் தீப்பிழம்பு ஸ்டிக்கர். உள்ளே இருப்பதென்னவோ கம்பெனி கொடுத்த அதே பிஸ்டன். டர்போ காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது; இவ்வளவுதான் திணிக்கலாம் என்று அதைப் பிடித்து வைப்பதுதான் பூஸ்ட் கன்ட்ரோலர். அளவு மீறினால் சூடு ஏறி பிஸ்டன் உருகும். இதை அவருக்கு நான்கு தடவை சொல்லியிருப்பேன். நான்கு தடவையும் போனைப் பார்த்துக்கொண்டே "ம், ம்" என்றார்.

"எலக்ட்ரானிக் போட்டுக்கோங்க மாமா. அளவு தாண்டுனா அதுவே கட் பண்ணிடும். எப்ப எவ்ளோ போச்சுன்னு பதிவும் பண்ணி வெச்சுக்கும்."

அவர் கை அந்தப் பெட்டியை விட்டது. "பதிவாகுமா? எதுக்கு, நம்ம வண்டியிலயே நமக்கு ஒரு உளவாளியா? இந்தப் பித்தளையே போதும். தேவைப்பட்டா ஒரு திருகு, அவ்ளோதான்."

பித்தளை என்று அவர் சொன்னது கையால் திருகுகிற வகை. கட்டைவிரல் நீளத் துண்டு. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு குண்டு, மேலே ஒரு திருகு. யார் எப்போது தொட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் அவருக்குப் பிடித்துப்போனது.

"தேவைப்பட்டாலும் நீங்க திருகக் கூடாது."

"உத்தரவு தாயே!" என்று கைகூப்பி இளித்தார்.

வேறு வாடிக்கையாளராக இருந்திருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். ஆனால் மதியமே அக்கா போன் செய்துவிட்டாள். "அவர் கேக்கறதப் போட்டுக் குடுத்துடுடி. இல்லேன்னா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பாரு. என்னால முடியல." அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்தால் அந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தட்டு ணங்கென்று விழும், கதவு அறையும், அக்கா கால் நுனியில் நடப்பாள். சரி, ஒழியட்டும் என்று போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

காற்றழுத்தத்தை முக்கால் பார் அளவில் நிறுத்தினேன். பிறகு என் வழக்கப்படி நெயில் பாலிஷ் குப்பியைத் திறந்தேன். என் நகத்தில் ஒருநாளும் போட்டதில்லை. இந்த வேலைக்கென்றே வாங்கி வைத்திருக்கும் பளிச்சென்ற ரத்தச் சிவப்பு. திருகு, நட்டு, உடம்பு மூன்றையும் சேர்த்து ஒரே கோடு. யாராவது திருகினால் கோடு உடையும். கோட்டோடு ஒரு போட்டோவும் எடுத்து வைத்தேன். எல்லா வண்டிக்கும் எடுப்பேன்.

மூன்றாவது வாரம் வண்டி இழுவை லாரியில் வந்து இறங்கியது. மூன்றாம் பிஸ்டனில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. மாமா நேராக முதலாளியிடம் போனார். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்காவும் பின்னாலேயே போனாள். எங்கள் முதலாளி அதிகம் பேசமாட்டார். டியூன் பண்ணினவர் தப்பால் இன்ஜின் போனால் மறுநாள் அவருக்கு இங்கே வேலை இல்லை. அப்படி இரண்டு பேர் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

"நான் திருகு பக்கமே போகல சார். குட்டி எப்படி வெச்சுதோ அப்படியேதான் இருக்கு. கோடு கூட அழியல, வந்து பாருங்க."

பானட்டைத் தூக்கி நிறுத்தி முதலாளி, மாமா, நான் மூவரும் கீழே குனிந்தோம். கோடு முழுசாக இருந்தது. நேராக, பிசிறில்லாமல், என் கோட்டைவிட அழகாக இருந்தது. ஆனால் அது என் சிவப்பு இல்லை. கருஞ்சிவப்பு. அக்காவின் கண்ணாடி மேசையில் அந்தக் குப்பியைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்டாம்பைக்கூட நேராக ஒட்டத் தெரியாத மனுஷன் இவர். இந்தக் கோட்டை இழுத்தது யார் கை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவைப் பார்த்தேன். அவள் ஏர் கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மேல் எனக்கிருந்த அருவருப்பு பழையது, பழகிப்போனது. அவள் மேல் வந்தது புதுசு. அதைத் தாங்க முடியவில்லை. என் சோற்றில் மண் விழும் என்று தெரிந்தேதான் அந்தத் தூரிகையைப் பிடித்திருக்கிறாள். சீ என்று இருந்தது.

போனை எடுத்து முதலாளியிடம் நீட்டினேன். போட்டோவில் திருகின் தலையிலிருக்கும் பிளவு செங்குத்தாக நின்றது. இங்கே படுத்துக் கிடந்தது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"திருகியிருக்கு சார்," என்றார் மாமாவிடம்.

மாமா வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "நான்தாங்க திருகுனேன். உள்ள தூசி தட்டறப்ப கை பட்டு சுத்திடுச்சு. பயந்துபோய் நானே கோடும் போட்டுட்டேன். அவருக்கு எதுவும் தெரியாது."

மாமா ஆச்சரியப்படக்கூட இல்லை. மூக்கால் ஒரு மூச்சை விட்டார், அவ்வளவுதான். பிறகு முதலாளியைப் பார்த்து அதே இளிப்பு. "பாத்தீங்களா சார்? பொம்பளைங்க இதுலெல்லாம் கைய வெச்சா இப்படித்தான் ஆகும்."

முதலாளிக்குச் சங்கடமாகிவிட்டது. "குடும்ப விஷயம், நீங்களே பேசிக்கோங்க. உன் மேல தப்பில்லம்மா, நீ போய் வேலையப் பாரு," என்றார். என் வேலை பிழைத்தது. நான் அதோடு போயிருக்கலாம். போகவில்லை. பானட்டின் முட்டுக்கம்பியைத் தட்டிவிட்டு மூடியை ஓங்கி அறைந்தேன். பிறகு கதவைத் திறந்து உள்ளே இருக்கும் லீவரை நானே இழுத்துவிட்டேன். பானட் ஒரு விரற்கடை எழும்பி, கொக்கியில் நின்றது. இடுக்கில் விரலை விட்டு அந்தக் கொக்கியைத் தள்ளினால்தான் முழுசாகத் திறக்கும்; ஒருமுறையாவது திறந்தவர்களுக்கு அது இருக்கும் இடம் தெரியும்.

"அக்கா, தூசி தட்டுனியே. இதத் திற பாக்கலாம்."

"எதுக்குடி இப்ப?"

"திற."

அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். முன்னால் வந்து குனிந்தாள். முதலில் கம்பெனி முத்திரையை அமுக்கிப் பார்த்தாள். பிறகு கிரில்லின் ஓட்டைகளில் விரலை விட்டாள். பிறகு விளிம்பைப் பிடித்து வெறுமனே மேலே இழுத்தாள். வண்டியே லேசாக ஆடியது. முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கழுத்தில் வேர்த்து வழிந்தது. போதும் விடு என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்றார் மாமா, நின்ற இடத்திலிருந்தே, மெதுவாக.

அக்காவின் விரல்கள் இடது பக்கம் நகர்ந்தன.